பயிற்சிப் பதிவேட்டில் நாம் இடும் கையெழுத்து



நம் குடும்பங்களில் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணிபுரிவோர் தொகை பெருகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பேராசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள், நூலகர்கள், அலுவலக எழுத்தர்கள், விடுதிக் காப்பாளர்கள் எனப் பல நிலைகளில் நம் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் அறிந்த ஒரு சுற்றறிக்கை உண்டு. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் குறித்த விழிப்புணர்வுப் பயிற்சி பிற்பகல் இரண்டரை மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் நடைபெறும், அனைவரும் தவறாது கலந்துகொள்ள வேண்டும் என்று அது கூறும்.

அந்தப் பிற்பகல் எப்படிக் கழிகிறது என்பதையும் நாம் அறிவோம். வாசலில் வருகைப் பதிவேடு. வராத நண்பருக்கும் சேர்த்து ஒருவர் கையெழுத்திடுகிறார். மேடையில் ஆங்கிலத்தில் படவில்லைகள் ஓடுகின்றன. பின்வரிசையில் விடைத்தாள் திருத்தப்படுகிறது. நாற்பது நிமிடங்களுக்குப் பின் தேநீர், சமோசா, பதாகைக்கு முன் ஒரு குழுப் புகைப்படம். அந்தப் படமும் பதிவேட்டின் நகலும் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்காகக் கோப்பில் சேர்கின்றன. அவ்வாண்டுக்குரிய கடமை முடிந்துவிடுகிறது.

இந்தப் பயிற்சியைப் பற்றி நம் மக்களிடையே ஒரு பேச்சு உண்டு. நாங்களே பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு காலத்தில் சொல்லியும் இருக்கிறோம். நாம் இறையச்சம் உடையவர்கள், பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள், நம் பெண்கள் ஹிஜாப் பேணுகிறவர்கள், ஆகவே இது யாருக்கோ தேவைப்படும் பாடம், நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதே அந்தப் பேச்சு. நல்லெண்ணத்தோடுதான் இதைச் சொல்கிறோம். ஆயினும் இது தவறு என்றும், நம் வீட்டுப் பெண்களுக்குத் தீங்கு செய்யும் தவறு என்றும் நாங்கள் காலம் கடந்து உணர்ந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1992இல் ராஜஸ்தான் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி என்ற ஏழைப் பெண், குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். தமக்கு இடப்பட்ட பணியைச் செய்ததற்காக நேர்ந்த கொடுமை அது. அதையடுத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 1997 ஆகஸ்டில் வெளியான விசாகா தீர்ப்பு, ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு ஒன்று இருக்க வேண்டும் என்றது. அதற்கென ஒரு சட்டம் நிறைவேற 2013ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டின் விதிமுறைகளைத் தனியே வகுத்தது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனம் என்பதற்காக இச்சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. நம் பெரியோர்கள் தம் பொருளையும் உழைப்பையும் ஈந்து எழுப்பிய கல்லூரிகளுக்கும் இது முழுமையாகப் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் பெண்கள் மதரஸாவும் இதற்குள் அடங்கும் என்பதை அதன் நிர்வாகிகள் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

குழுவை அமைப்பதோடு நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளிகளில் பணியாளர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்துவதும், குழுவின் அமைப்பு ஆணையைப் பலர் பார்வையில் படும் இடத்தில் வைப்பதும் சட்டம் விதிக்கும் கடமைகள். எத்தனை மணி நேரப் பயிற்சி என்று நம் நாட்டுச் சட்டம் வரையறுக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மேற்பார்வைப் பொறுப்பில் இருப்போருக்கு இரண்டு மணி நேரம், மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் என இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி அளிக்க வேண்டும் எனச் சட்டமே கூறுகிறது. ஆனால் நேரத்தை அளந்து வைத்துவிட்டால் மனம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. கணினியில் பாடம் ஓடிக்கொண்டிருக்க, வேறு வேலை பார்ப்பவர் எங்கும் இருப்பார்.

இனி, இறையச்சம் இருக்கும்போது இந்த நடைமுறைகள் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், தொழுகை என்றோ நோன்பு என்றோ சொல்லக்கூடும். அது கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், எழுதுபவர் நேர்மையாக எழுதும்படியும், கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்லும்படியும், சாட்சிகளை ஏற்படுத்தும்படியும் கட்டளையிடுகிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது என்றும் எச்சரிக்கிறது. அந்த வசனம் நயவஞ்சகர்களை விளித்துத் தொடங்கவில்லை; ஈமான் கொண்டவர்களை விளித்தே தொடங்குகிறது. ஈமான் இருந்தால் போதும், எழுத்து எதற்கு என்று அல்லாஹ் நம்மை விட்டுவிடவில்லை. உள்ளத்தில் இறையச்சம் வேண்டும், கையில் ஆவணமும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது தேவையற்றதாகிவிடாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவரின் நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தபோது, நபியவர்கள் மிம்பரில் ஏறி அனைவரும் கேட்கும்படி அதைக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி. நபியவர்களின் காலத்தில், அவர்களே பொறுப்பளித்த ஒருவர் விஷயத்திலும் கணக்கு கேட்கப்பட்டது. பதவியின் நிழலில் கிடைப்பதைத் தன் சொந்த உரிமை என எண்ணும் மயக்கம் மனித இயல்பில் இருக்கிறது. ஆய்வு மாணவியின் அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரம், தற்காலிகப் பணியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரம், அகமதிப்பெண் போடும் அதிகாரம் யாவும் அமானிதங்களே. அவற்றைக் கையில் வைத்திருப்பவர் தாடி வைத்திருக்கிறாரா, ஐவேளைத் தொழுகையாளியா என்று சட்டம் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே நியாயம்.

பதிவேட்டில் இடும் கையெழுத்துக்கு வருகிறோம். வந்திருந்தேன், கேட்டேன், புரிந்துகொண்டேன் என்பதே அதன் பொருள். இணையவழிப் பயிற்சியாயின் இறுதியில் ஒரு கட்டத்தைத் தொட்டு, முழுவதும் படித்தேன் என்று உறுதியளிக்கிறோம். இது சாட்சியம் அன்றி வேறென்ன? பெரும்பாவங்களை எடுத்துரைத்த ஒரு சபையில், சாய்ந்திருந்த நபியவர்கள் எழுந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்றும், இனி நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்கள் என்றும் ஹதீஸில் காண்கிறோம். நீதிமன்றக் கூண்டில் ஏறிப் பொய் சொல்ல அஞ்சும் நாம், நண்பருக்காகப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது அந்த ஹதீஸை நினைப்பதில்லை. அற்ப விஷயம் என்று தோன்றுகிறது. நாளை ஒரு புகார் எழும்போது, பணியாளர் அனைவருக்கும் பயிற்சி அளித்தோம் என்று நிர்வாகம் எடுத்து நீட்டப்போவது அந்தப் பதிவேட்டைத்தான். பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு எதிரான ஆவணமாகவும் நம் கையெழுத்து மாறக்கூடும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. ஊரையும் நிறுவனத்தையும் சொல்லப் போவதில்லை.

எங்கள் உறவுப் பெண் ஒருவர் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் தொகுப்பூதியத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கப் பரிந்துரைப்பவர் வயதில் மூத்தவர், ஊரில் மதிப்புடையவர். அவரிடமிருந்து முதலில் வேண்டாத பேச்சுகளும், பின்னர் இரவு நேரத்தில் கைப்பேசிச் செய்திகளும் வந்தன. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், பரிந்துரை தன் கையில் இருப்பதை அவர் நினைவூட்டத் தொடங்கினார். அந்தப் பெண் தாயிடம் சொன்னார். தாய், வாப்பாவிடம் சொல்லாதே என்றார். சில வாரங்களுக்குப் பின் வாப்பாவுக்கும் தெரிந்தது. அவர், வேலையே வேண்டாம், வீட்டில் இரு, இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே என்றார். தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரு தரப்பும் எங்களிடம் வந்து கருத்துக் கேட்டன. நாங்கள் ஸப்ர் செய்யச் சொன்னோம். அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நீ ஒதுங்கிக்கொள் என்றோம். பொறுமை ஈமானின் பாதி என்றுகூட எடுத்துச் சொன்னோம். அநியாயம் செய்தவருக்கு வசதியாகவும், அநியாயம் இழைக்கப்பட்டவருக்குச் சுமையாகவும் முடியும் ஓர் ஆலோசனைக்கு மார்க்கத்தின் சொற்களைப் போர்த்தினோம் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். சொந்தக் காரணங்களுக்காக என்று அதில் எழுதினார்.

மாதங்கள் சில சென்றபின்தான் சட்டத்தை நாங்கள் எடுத்துப் படித்தோம். கடைசி நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். உரிய காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தற்காலிக, ஒப்பந்த, தினக்கூலிப் பணியாளர் அனைவரும் பணியாளர் என்ற சொல்லுக்குள் அடங்குவர். ஊதியமின்றிப் பணிபுரிவோரும் பயிற்சிக்கு வந்தவர்களும்கூட அடங்குவர். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவுவது குழுவின் பொறுப்பு. விசாரணை நடக்கும்போது புகார் அளித்தவரையோ எதிர்த்தரப்பினரையோ வேறிடத்திற்கு மாற்றும்படி குழு பரிந்துரைக்கலாம். பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் வழங்கச் சொல்லலாம். வேலை பறிபோகும் என்று மிரட்டுவதும், சலுகை தருவதாக ஆசை காட்டுவதும் இச்சட்டத்தின்படி துன்புறுத்தலுக்குரிய சூழ்நிலைகளே. இவற்றில் ஒன்றைக்கூட அந்தப் பெண் அறிந்திருக்கவில்லை. நாங்களும் அறிந்திருக்கவில்லை. நீட்டிப்புக்கு இன்னும் சில நாட்கள் இருந்தபோதும் அவர் மறுத்துவிட்டார். அப்போதே இதைச் சொல்லியிருந்தால் என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்ன இன்னொன்று எங்களை நெடுநாள் உறங்கவிடவில்லை. அதே ஆண்டு அந்தக் கல்லூரியில் பயிற்சி நடந்திருக்கிறது. கூடத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்தியதும், ஒலிபெருக்கியைச் சரிபார்த்ததும் அவரும் துப்புரவுப் பணியாளர் இருவருமே. நிகழ்ச்சி தொடங்கியதும் அவர்கள் வெளியே நின்றிருக்கிறார்கள். சுற்றறிக்கை ஆசிரியர்களுக்கும் நிரந்தர அலுவலர்களுக்கும் மட்டும் அனுப்பப்பட்டிருந்தது. யாரும் அவர்களை விரட்டவில்லை. உள்ளே வந்து அமருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே கேட்டது ஆங்கிலப் பேச்சு.

பெண்ணின் முறையீடு என்பது நம் மார்க்கத்தில் எவ்வளவு உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. திருமறையின் 58ஆம் அத்தியாயத்துக்கு அல்முஜாதலா என்று பெயர். தர்க்கித்து முறையிட்ட ஒரு பெண்ணை வைத்து அமைந்த பெயர் அது. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்கள் தம் கணவர் தமக்கு இழைத்த அநீதியை நபியவர்களிடம் எடுத்துரைத்தார்கள். வாய் மூடியிருக்கவில்லை. ஒருமுறை சொல்லி நின்றுவிடவும் இல்லை. அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த தமக்கே அவர் பேச்சின் சில பகுதிகள் கேட்கவில்லை, அல்லாஹ் அதைக் கேட்டான் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வியந்து கூறியிருக்கிறார்கள். பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை அந்த மூதாட்டி வழியில் நிறுத்தி நெடுநேரம் பேசியதாகவும், உடன் வந்தவர் சலித்துக்கொண்டபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் செவியேற்ற பெண்ணின் பேச்சை உமர் கேட்காதிருக்க முடியுமா என்ற பொருளில் அவர்கள் பதிலளித்ததாகவும் அறிவிப்பு உண்டு. அந்த அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதுகிறோம். வீட்டுக்கு வந்து, இதைப் பற்றி மூச்சு விடாதே என்கிறோம்.

இங்கே நம் ஆண்கள் எழுப்பும் ஓர் அச்சத்தையும் ஒதுக்கிவிடக்கூடாது. பொய்ப் புகார் வந்தால் ஒரு மனிதரின் வாழ்வே பாழாகாதா என்கிறார்கள். நியாயமான கேள்வி. அவதூறை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் காண்கிறது என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து முறையான விசாரணையே. வேண்டுமென்றே பொய்யாகப் புகார் அளித்தது நிறுவப்பட்டால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதே வேளையில், ஆதாரத்தால் நிறுவ இயலவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எதிர்த்தரப்புக்குத் தம் வாதத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் முடிவெடுக்க எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. கோவா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்த ஒருவர் மீதான வழக்கில், விசாரணை அவசர அவசரமாக நடத்தப்பட்டது, அவருக்குத் தம் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பளிக்கப்படவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் பணிநீக்க ஆணையை ரத்து செய்து, விசாரணையை மீண்டும் நடத்தும்படி குழுவுக்கே திருப்பி அனுப்பியது. அதே தீர்ப்பில், சட்டம் வந்து பத்தாண்டுகள் ஆகியும் அதைச் செயல்படுத்துவதில் கடும் குறைபாடுகள் இருப்பதாக வருந்தி, பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட நிறுவனங்களில் குழுக்கள் அமைந்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும்படியும், குழு உறுப்பினருக்கும் பணியாளருக்கும் பயிற்சி தரும்படியும் கட்டளைகள் பிறப்பித்தது. முறைப்படி விசாரிக்காத குழுவால் புகார் அளித்தவர்களுக்கும் நீதி கிடைக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்து இரு தரப்பினரும் மீண்டும் விசாரணைக்கே வந்து நின்றார்கள்.

வதந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகாரின் விவரத்தையும், சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் வெளியிடக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. இந்தப் பிரிவைக் கேட்டால் நமக்கு அந்நூர் அத்தியாயம் நினைவுக்கு வர வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட அவதூறு மதீனாவில் ஏறத்தாழ ஒரு மாதம் உலவியது. அதைப் புனைந்தவர்களைக் கண்டித்த இறைவன், அறியாத ஒன்றை அற்பமாக எண்ணி நாவால் பரப்பியவர்களையும் கண்டித்தான். அந்த மாதத்தில் நபியவர்கள் என்ன செய்தார்கள்? தோழர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களிடம் விசாரித்தார்கள். அன்னையிடமே வந்து பேசினார்கள். கேள்விப்பட்டதைக் கொண்டு தீர்ப்பளிக்கவில்லை. நம் தெருக்களிலோ, ஒரு பெண் புகார் கொடுத்தாள் என்ற செய்தி அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நாலு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடுகிறது. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பது அங்கே ஆய்வுப் பொருளாகிறது.

சமாதானம் பேசுவதில் நமக்கு நெடிய பழக்கம் உண்டு. ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் முன்வருவார்கள். நிலத் தகராறிலும் பாகப்பிரிவினையிலும் அது நன்மை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. இவ்விஷயத்தில் சட்டம் வேறு வரம்புகளை வைத்திருக்கிறது. சமரசம் வேண்டும் என்று பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்க வேண்டும். பிறர் கேட்க முடியாது. பணம் கொடுத்து முடிப்பது அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்போர் புகார்க் குழுவில் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது. மாணவர் தொடர்பான புகாராயின், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர் குழுவில் இடம்பெற வேண்டும். அதிகாரம் உடையவர் தன் செல்வாக்கால் முடிவை வளைத்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் நடுவில் அமர்ந்திருப்பவர் யார், அவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் என்ன உறவு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை விளங்கும்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவியரிடம் பேசுங்கள் என்று பயிற்சியில் சொல்வார்கள். நம்மவர்கள் இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்வதுண்டு. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை நம் மார்க்கம் என்றோ தடுத்துவிட்டது என்பார்கள். உண்மையே. ஆனால் இதே காரணத்தைச் சொல்லி, ஆய்வு மாணவியரைச் சந்திக்காமலே தட்டிக்கழிக்கும் நெறியாளர் சிலரையும் பார்க்கிறோம். மாணவர்களுக்குக் கிடைக்கும் நேரமும் வழிகாட்டலும் மாணவியருக்குக் கிடைப்பதில்லை. பேணுதல் என்ற பெயரில் அவளுக்குரிய உரிமை பறிக்கப்படுகிறது. திறந்த கதவும், பிறர் நடமாடும் அறையும் இருந்தால் இரண்டும் காக்கப்படும்.

பயிற்சிகளின் மீது எங்களுக்குக் குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலானவை சட்டப் பிரிவுகளின் எண்களை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகின்றன. இரவில் வரும் ஒரு குறுஞ்செய்தியை எப்படிப் பத்திரப்படுத்துவது, யாரிடம் முதலில் சொல்வது, குழுத் தலைவரின் அறை எங்கே இருக்கிறது என்பவை பேசப்படுவதில்லை. ஆங்கிலத்தில் நடத்தினால் நிகழ்ச்சிக்கு மதிப்பு என்ற எண்ணம் நம் நிறுவனங்களையும் பிடித்திருக்கிறது. தமிழில் நடத்துங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் கல்லூரிகளின் ஆட்சிக் குழுவில் இருக்கும் ஹாஜிமார்களுக்கும் செயலாளர்களுக்கும் இதை எழுதிக் கொடுப்பது கடினமான வேலை அன்று. ஜும்ஆவுக்குப் பின் நேரில் பார்த்துப் பேசக்கூடியவர்கள்தாமே. பயிற்சி அழைப்பில் ஒப்பந்தப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், சிற்றுண்டிச்சாலைப் பெண்கள், விடுதிச் சமையலறையில் இருப்போர் ஆகியோரின் பெயர்களும் இருக்கட்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர்களின் கூலி பிடிக்கப்படாமலும் இருக்கட்டும்.

வீட்டிலும் நமக்கு வேலை இருக்கிறது. வேலைக்குச் செல்லும் மகளிடம் பேருந்து நேரத்தையும் சம்பளத்தையும் கேட்கும் நாம், அங்கே புகார்க் குழு இருக்கிறதா, தலைவர் யார் என்றும் கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடமாயினும், புகார் நிறுவன உரிமையாளர் மீதே என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்லி வைக்கலாம். வேலைக்குச் செல்லும் மகனிடமும் பேச வேண்டும். அவனுக்குக் கீழே பணிபுரியும் பெண்ணுக்கு அவன் அனுப்பும் ஒரு வேடிக்கைச் செய்தி அவளுக்கு வேடிக்கையாகத் தெரியாமல் போகலாம் என்பதை வாப்பாவே சொன்னால் அவன் கேட்பான்.

எங்கள் உறவுப் பெண் இப்போது வேறொரு கல்லூரியில் பணிபுரிகிறார். சேர்ந்த முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையில் குழு உறுப்பினர்களின் பெயர்களைத் தேடியிருக்கிறார். பலகையில் இருந்த ஆணை மூன்றாண்டுகளுக்கு முந்தையது. அதில் பெயர் இருந்த பேராசிரியை ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். புதிய ஆணையை ஒட்டும்படி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், வாசகத்தைப் பார்த்துத் தாருங்கள் என்று சென்ற வாரம் எங்களிடம் கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த பயிற்சி எப்போது, அதற்கு ஆய்வக உதவியாளர்களும் அழைக்கப்படுவார்களா என்ற கேள்வியையும் கடைசிப் பத்தியில் அவரே சேர்த்துக்கொண்டார்.